முங்காதவளின் காது

1

இப்போதெல்லாம் எதிரே நிற்கிறவனின் முகத்தைப் பார்த்து எவனும் பேசுவதில்லை. கையிலிருக்கும் போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்கிறான். என்னடா ம் என்று கேட்டால் அதற்கும் ஒரு "ம்". என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எஞ்சினுக்கு என்ன கேடு என்பதை எனக்குப் பின்னால் இருக்கும் சுவரிடம்தான் சொல்கிறார்கள். சுவர் பழுதுபார்த்துக் கொடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா என்று பலமுறை தோன்றியிருக்கிறது.

லைஹா மட்டும் முகத்தைப் பார்ப்பாள். அது மரியாதையால் அல்ல. அவளுக்கு இடது காது போய்விட்டது; வலது காதில் பாதிதான் மிச்சம். உதட்டைப் பார்த்தால்தான் மீதிப்பேச்சு விளங்கும்.

அவள்தான் இந்தக் கதைக்குக் காரணம். ஒரு நண்பகலில் பட்டறைக்கு வந்து என் முன்னால் குந்திக்கொண்டாள்.

"மாமா, என் கதைய எழுது."

"எனக்கு எழுத வராது. மூணாங் கிளாஸோட நின்னவன்."

"எஞ்சின் சாமான் வாங்கப் பக்கம் பக்கமா எழுதி அனுப்புறியே."

"அது சாமான் பேரு. உன் கதையில நட்டு போல்ட்டா இருக்கு?"

"எங்கப்பாகிட்டப் பேசினா மூஞ்சியத் திருப்பிக்கிறார். எழுதிட்டா திருப்ப முடியாதுல்ல?"

"உங்கப்பனுக்குப் படிக்கத் தெரியாதே."

"நம்ம கம்பத்து வீடுகள்ல மத்தவங்க படிப்பாங்க. படிச்சா அவர் காதுக்குப் போகும். அவருக்குத்தான் ஒரு காது கொஞ்சம் மிச்சம் இருக்கே!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. கதை எழுதுகிறவர்கள் பொய்யர்கள் என்பது என் எண்ணம். நடக்காததை நடந்ததாகச் சொல்லி, படிக்கிறவனை அழவும் வைத்துவிடுகிறார்கள். இப்போது நானும் அந்தக் கூட்டத்தில் சேர்கிறேன். படிக்கிற நீங்களும் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. முடிவு என்னவென்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற ஆட்கள்தானே? பாருங்கள். அங்கே ஒன்றும் கிடைக்காது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

அன்று கடல் அமைதியாக...

நிறுத்திவிட்டேன். தண்ணீர்க் கம்பம் என்போம் எங்கள் கிராமத்தை; வீடெல்லாம் கடலுக்குள் நட்ட மரக்கால்மேல். அங்கே கடல் அமைதியாக இருந்த நாளே கிடையாது. வீட்டடியில், கால்மரத்தில், சளக் சளக்கென்று ராப்பகலாக அடித்துக்கொண்டே இருக்கும். கடல் அமைதியாக இருந்தது என்று எழுதுகிறவன் கரையில் நின்று பார்த்துவிட்டுப் போனவன்.

இரண்டாம் முயற்சி:

லைஹா பிறந்தபோதே அவள் காதுக்குள்...

இதையும் விட்டுவிட்டேன். பிறந்தபோது அவள் காதுக்குள் போய் எவன் பார்த்தான்?

அவள் அப்பனிடமிருந்துதான் தொடங்கவேண்டும். சரபானி. முங்கி மீன் குத்துகிறவன், கடலட்டை பொறுக்குகிறவன். எங்கள் ஆட்களில் அது பெரிய விஷயமில்லை, எல்லோரும் அதுதான். பிள்ளைக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்ததும் தண்ணீருக்குள் இறக்குவோம். ஆழம் போகப்போகக் காது வலிக்கும். நிறுத்தக்கூடாது. இன்னும் கீழே போனால் உள்ளே பட்டென்று ஒன்று உடையும். மூக்கிலும் காதிலும் ரத்தம் வரும். மேலே வந்து தலை சுற்றிச் சில நாள் படுத்துக் கிடப்பான். எழுந்தானென்றால் அப்புறம் ஆயுசுக்கும் வலி கிடையாது, எவ்வளவு ஆழமும் போகலாம். காது திறந்துவிட்டது என்போம்.

வயதாக ஆக அந்தக் காது மந்தமாகும். அதனால் எங்கள் கம்பத்தில் ரகசியம் என்று எதுவும் இல்லை. கிழவர்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். பொண்டாட்டியிடம் கொஞ்சுவதும் நாலு வீடு தள்ளிக் கேட்கும். கடலில் பிழைக்கிறோம், கடல் வாடகை வாங்குகிறது, அவ்வளவுதான்.

சரபானியின் மூத்த பையன்கள் இரண்டு பேர், ஜிகிரியும் உஜானும். காது திறந்த பிறகு ஒருத்தன்பின் ஒருத்தனாக முழுச் செவிடாகிப் போனார்கள். மந்தமில்லை, முழுசாக. சின்ன வயதிலேயே. மற்ற வீட்டில் அப்படி நடந்ததில்லை. ஆனாலும் ஒருவரும் யோசிக்கவில்லை. சரபானி வீட்டுக்குக் கடல் கொஞ்சம் கூட வாடகை போட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

[செவிடர்கள் நடுவில் ஒரு செவிடனை யார் கண்டுபிடிப்பது? நானும் கண்டுபிடிக்கவில்லை.]

மூன்றாவதாக லைஹா பிறந்ததும் சரபானி புது அரிசியும் மஞ்சள் சோறும் வைத்துக் கடலைப் பார்த்துக் கத்தினான். கம்பம் முழுக்கக் கேட்டோம். "ரெண்டு குடுத்துட்டேன். இதைத் தொடாதே. இவளும் உன்னைத் தொடமாட்டா. இது பேச்சு."

3

இங்கிருந்து லைஹாவின் கதை. என்னால் முடிந்த மட்டும் அவள் பக்கத்தில் நின்று சொல்கிறேன். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். உண்மை என்று நான் கையடித்துக் கொடுக்கவில்லை.

தண்ணீருக்கு மேல் பிறந்து, தண்ணீருக்கு மேல் வளர்ந்து, தண்ணீரில் இறங்காத ஒரே பெண் லைஹா. மற்றப் பிள்ளைகள் பலகைப் பாலத்திலிருந்து தொப் தொப்பென்று குதிக்கும்போது அவள் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், மறுமுனை கதவுக்காலில். கயிறு அவிழ்ந்த வயதில் அவளுக்குப் பேர் வந்துவிட்டது. கருவாடு. எல்லா மீனும் தண்ணீரில், இது மட்டும் வெயிலில்.

அவள் அழவில்லை. கரைக்குப் போய் பாசார் என்கிற சந்தையில் மீன் கடை போட்டாள். "கருவாட்டுக்காரியே கருவாடு விக்கிறா" என்று கேலி செய்தவர்களிடம், "ஆமா, உன்ன மாதிரி ஊறிப்போனதெல்லாம் வெல போகாது" என்பாள். அண்ணன்மார் இருவரும் பிடித்துக் கொடுப்பார்கள், இவள் விற்பாள். மூன்று பேருக்கும் கைச்சாடை ஒன்று இருந்தது. நல்ல மீன் என்றால் கன்னத்தைத் தட்டுவது. அழுகல் என்றால் அப்பாவைப் போல முகத்தை வைத்துக்கொள்வது.

ஒருநாள் கடையைச் சாத்தும்போது மேலிருந்த இரும்புக் கம்பி இறங்கி அவள் தலையில் இடித்தது. பெரிய அடி இல்லை. ரத்தம்கூட வரவில்லை. பக்கத்துக் கடைக்காரி ஐஸ் வைத்தாள். மறுநாள் விடிந்தபோது லைஹா எழுந்து நின்றாள். வீடு படகு போல ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்தாள், சுவர் நழுவியது. இடது காதில் ஒன்றுமே இல்லை. கால்மரத்தில் அடிக்கும் அந்தச் சளக் சளக் பாதியாகக் குறைந்திருந்தது.

அவள் பாயில் சுருண்டு கிடந்தாள். கண்ணைத் திறந்தால் வாந்தி. சரபானி வாசலில் நின்று பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"எப்ப முங்கின?"

"முங்கலப்பா."

"காது உடைஞ்சவதான் இப்படிச் சுருண்டு கெடப்பா. நான் பாக்காததா?"

"கம்பியில இடிச்சுக்கிட்டேன். கடைக்காரியக் கேளு."

"கம்பியில இடிச்சா மண்ட வீங்கும். காதா போவும்?"

[இந்தக் கேள்வி எனக்கும் சரியாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.]

அதற்குப் பிறகு, மழையில் வழுக்கிப் பாலத்தில் தலை இடிக்க விழுந்தாள். வலது காதும் பாதியானது. மறுபடி அதே சுற்றல், அதே பாய். சரபானிக்குச் சந்தேகம் தீர்ந்தது. ஒருமுறை என்றால் தற்செயல். இரண்டுமுறை என்றால் இவள் திருட்டுத்தனமாக முங்குகிறாள். அவன் கடலிடம் கொடுத்த பேச்சை இவள் உடைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரே தட்டில் சாப்பிடுவதை நிறுத்தினான். எங்களில் வீட்டார் எல்லோரும் மரவள்ளியைத் துருவி அவித்த புத்துவை ஒரே தட்டில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து தின்போம். லைஹாவுக்குத் தனித்தட்டு வைத்தான். "பொய் சொல்றவ கைபட்ட புத்து எனக்கு எறங்காது."

காது போனதற்கு அவள் அழுது நான் பார்க்கவில்லை. அந்தத் தட்டைப் பார்த்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதை எழுத எனக்கு வரவில்லை. வாக்கியம் மூன்று எழுதினேன், மூன்றும் அவளுடையதாக இல்லை.

4

இந்த இடத்தில் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் லைஹாவை நம்பவில்லை. ஒரு மத்தியானம் அவள் ஈரத் தலையோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் மழைத்தண்ணீரில் குளித்தேன் என்றாள். கதாநாயகியையே நம்பாதவன் கதை எழுதலாமா என்று கேட்பீர்கள். எஞ்சினை நம்பியா பழுதுபார்க்கிறேன்?

பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு லைஹாவே ஏற்பாடு செய்துகொண்டாள். என்ன சொல்லி அப்பனைக் கூட்டி வந்தாளோ தெரியாது. "நீ பொய்க்காரின்னு டாக்டர் வாயாலயே கேட்டுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் அவன் படகில் ஏறினான். நானும் போனேன். டாக்டர் சொல்வதை அவன் காதில் கத்துவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

டாக்டர் சின்னப் பெண். தலைக்குள் எடுத்த படத்தை வெளிச்சத்தில் காட்டினாள்.

"காதுக்கு உள்ள, ரொம்ப உள்ள, நத்தை ஓடு மாதிரி ஒண்ணு இருக்கு. அங்கேருந்து மூளைப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் போகுது. எல்லாருக்கும் அது ஒல்லியா இருக்கும். இவங்களுக்கு அகலம். பொறக்கும்போதே இப்படித்தான். இந்த மாதிரி காது இருக்கிறவங்களுக்குத் தலையில லேசா ஒரு அடி பட்டாலே போதும், கேக்கிறது கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடும். தலையும் சுத்தும்."

நான் கத்தினேன். சரபானி யோசித்தான்.

"அந்த வாய்க்கால்ல என்ன ஓடுது?"

"ஒரு மாதிரி நீர்."

"தண்ணியா?"

"தண்ணி மாதிரின்னு வெச்சுக்கோங்க."

"அதுல உப்பு உண்டா?"

டாக்டருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "உப்பும் கொஞ்சம் இருக்கும்" என்றாள்.

சரபானி தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டான். "கேட்டியா எஞ்சினு! உப்புத்தண்ணி! இவ காதுக்குள்ள உப்புத்தண்ணியாம்! அகலமா வேற போயிருக்காம்! முங்காமயா உள்ள போச்சு?"*

* எஞ்சின் என்பது என் பட்டப்பெயர். உண்மைப் பெயர் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

டாக்டர் பொறுமையாக மறுபடி சொன்னாள். அது எல்லோர் காதிலும் இருப்பது, டாக்டர் காதிலும் இருப்பது, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பாதிப் பாதியாக ரத்தத்தில் வந்து சேர்வது. கொடுக்கிறவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அண்ணன்களுக்கும் இதுவாகவே இருக்கலாம், அவர்களையும் பார்க்கவேண்டும்.

"இவங்க அம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"மாமன் மக. போய்ச் சேந்துட்டா."

"அப்ப உங்க ரத்தம் கொஞ்சம் வேணும். பரிசோதிச்சா உறுதியாத் தெரிஞ்சிடும்."

சரபானி மடித்துவிட்டிருந்த சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டான். எழுந்தான். "படகு தண்ணியில கெடக்கு" என்றான். படகு வேறெங்கே கிடக்கும்?

கிளம்பும்போது டாக்டர் லைஹாவின் முகத்துக்கு நேரே வந்து சொன்னாள். தலையில் அடி படக்கூடாது. தண்ணீருக்குள் ஆழம் போகவே கூடாது. மிச்சமிருக்கும் பாதிக் காதும் போய்விடும்.

லைஹா தலையாட்டினாள்.

5

ஒருநாள் சரபானி என் பட்டறையில் வந்து உட்கார்ந்தான். பழுதுபார்க்க எஞ்சின் எதுவும் கொண்டுவரவில்லை.

"அந்தப் பொண்ணு கேட்டாளே, ரத்தம். எதுக்குக் குடுக்கமாட்டேங்கிற?" என்றேன்.

"ஊசிக்குப் பயம்னு நெனைச்சியா? திருக்கை குத்தினப்பவே நான் கத்தல."

"நீ எப்பவும் கத்திக்கிட்டேதான் இருக்க. அப்ப தனியா எப்படித் தெரியும்?"

அவன் சிரிக்கவில்லை. கீழே, பலகை இடுக்கில் தெரிந்த தண்ணீரைப் பார்த்தான்.

"கடல் எடுத்துக்கிச்சுன்னா அது வாடகை. எல்லா வீட்டுலயும் கட்டுறதுதான். அவ முங்கியிருந்தா அது அவ தப்பு. ரெண்டும் இல்லாம, மூணு பிள்ளைங்களுக்கும் நானே குடுத்ததுன்னா..."

இந்த வாக்கியத்தை முடித்து எழுதலாமா என்று பார்த்தேன். கதைக்காரன் என்றால் முடிக்கலாம். அவன் முடிக்கவில்லை. நானும் விட்டுவிடுகிறேன்.

[படிக்கிறவர்கள் இங்கே சரபானியை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளவும். உப்புத்தண்ணீர் என்று அவன் தொடையில் அடித்தது முட்டாள்தனத்தால் அல்ல. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.]

6

லைஹாவுக்குப் பொறுமை தீர்ந்த நாளுக்கு வருகிறேன்.

அவள் வீட்டு முன்பலகையில் நின்று, கம்பத்துக் கிழவர்களைவிடச் சத்தமாகச் சொன்னாள். தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவளுக்கு இப்போது தெரிவதில்லை.

"அப்பா! காது திறந்தவ தண்ணிக்குள்ள கல்லு மாதிரி எறங்குவா. வலிக்காது. திறக்காதவளால எறங்க முடியாது. சரிதானே? நான் இங்கேயே குதிக்கிறேன். எல்லாரும் பாருங்க. நான் கீழே போய் மண்ணை அள்ளிக்கிட்டு வந்தேன்னா பொய்க்காரி. தேங்கா நெத்து மாதிரி மெதந்தேன்னா நான் சொன்னது நெசம்."

எங்கள் ஆட்கள் டாக்டர் படத்தை நம்பமாட்டார்கள். இதை நம்புவார்கள். அவளுக்கு அது தெரியும்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கிழவி மிந்தாலான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கருவாடு தண்ணியில எறங்கப் போவுது, ஊறிடும்டி, ஒரு வெள்ளிக் காசுக்கும் போகாது!" என்றாள்.

நான் லைஹாவின் முன்னால் போய் நின்றேன். "டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இருக்கிற பாதியும் போயிடும்."

"பாதிக் காத வெச்சுக்கிட்டுப் பொய்க்காரின்னு கேக்குறதுக்கு, காதே இல்லாம இருந்துடலாம் மாமா."

"நீ நடிச்சு மெதந்தாலும் மெதப்ப. எனக்கு எப்படித் தெரியும்?"

என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நீ உன் பேரப் பிள்ள அழுதாக்கூட நடிப்பும்ப. தள்ளு."

தள்ளி நின்றேன். அவள் பலகையின் நுனிக்குப் போனாள். எங்களுக்கு முதுகு, எதிரே வெறும் தண்ணீர்.

7

இனி முடிவு. என்னிடம் சில இருக்கின்றன.

ஒன்று: லைஹா குதிக்கிறாள். மிதக்கிறாள். கைகாலை அடித்துக்கொள்கிறாள். ஆழம் போகப் பார்த்து, வலி தாங்காமல் மேலே வருகிறாள். சரபானி, "என் மக பொய் சொல்லல!" என்று கத்துகிறான். அவளுக்கு அது கேட்கவில்லை. வலது காதும் போய்விட்டது. இதை எழுதி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். அழ வைக்கும். அதனாலேயே வேண்டாம்.

இரண்டு: சரபானி ஓடிவந்து அவளைப் பிடித்து இழுக்கிறான். அவன் முழங்காலைப் பார்த்திருந்தால் நீங்களே இதை அடித்துவிடுவீர்கள். அவன் ஓடி நான் பார்த்ததில்லை.

நான் பார்த்தது இது.

சரபானி வாசலில் நின்றபடியே கத்தினான். "குதி! இல்லேன்னா முங்கினேன்னு ஒத்துக்க!"

அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாகக் கத்தினான். அக்கரைக்கே கேட்டிருக்கும். அவள் முதுகு அசையவில்லை.

"எதுக்க வந்து சொல்லு" என்றாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "என் மூஞ்சியப் பாத்து, நீ முங்கினேன்னு சொல்லு. சொல்லிட்டேன்னா அடுத்த நிமிசம் குதிக்கிறேன்."

எதிரே போவதற்கு அங்கே பலகை இல்லை. தண்ணீர்தான். கூட்டம் சரபானியைப் பார்த்தது. அவன் ஏதோ முனகிக்கொண்டு ஏணியில் பின்புறமாக இறங்கினான், ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு. தன் படகில் கால் வைத்து, கால்மரங்களைப் பிடித்துப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பலகை நுனிக்கு அடியில் வந்தான். எழுந்து நின்று பலகை விளிம்பைப் பற்றிக்கொண்டான். அவன் முகம் அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது.

லைஹா குந்தினாள். இரண்டு முகமும் நேருக்கு நேர் வந்தன. நாங்கள் பின்னால் நின்றோம். அவள் தலை அவனை மறைத்துவிட்டது.

"இப்பச் சொல்லு" என்றாள்.

அவன் சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கம்பத்தில் ஒரு கிழவன் மெதுவாகப் பேசி நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

[                                        ]

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மிந்தாலான் அவன் "முங்கினே" என்றுதான் சொன்னான் என்கிறாள். அவளுக்கு என்னைவிடக் காது மந்தம். உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் போடுவதற்கு முன்னால் ஒருமுறை, மூன்று பிள்ளைகளைப் பெற்று மூன்றும் உங்கள் பேச்சைக் கேட்காமல் போன வீட்டில் நின்று யோசித்துக்கொள்ளுங்கள்.

லைஹா குதிக்கவில்லை. கூட்டத்துக்கு ஏமாற்றம். அவள் கையை நீட்டினாள்; அவன் பிடித்து அவளைப் படகுக்குள் இறக்கினான். அவள் தலை பலகை விளிம்பில் இடிக்கப் பார்த்தது. சரபானி சட்டென்று தன் உள்ளங்கையை அங்கே கொண்டுபோய் வைத்தான். அவ்வளவுதான். எஞ்சினை அவள்தான் முடுக்கினாள். ஊர்ப் பக்கமாகப் போனார்கள்.

ஆஸ்பத்திரி ஊர்ப் பக்கம்தான். பாசாரும் ஊர்ப் பக்கம்தான். அதனால் இது எதற்கும் சாட்சியில்லை.

8

மாலையில் சரபானி திரும்பி வந்தபோது பட்டறை வாசலில் பிடித்தேன். சட்டைக் கை மடித்திருந்தது. முழங்கை மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னது அது?"

"மீன் முள்ளு குத்திருச்சு."

"முழங்கை மடிப்புலயா?"

"பெரிய மீன்" என்றான். போய்விட்டான்.

இதையெல்லாம் எழுதி லைஹாவிடம் படித்துக் காட்டினேன், உதட்டை நன்றாக அசைத்து. காலி இடம் வந்தபோது நிறுத்தினேன். அவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லுவாள் என்று பார்த்தேன். கன்னத்தை இரண்டு விரலால் தட்டினாள், நல்ல மீனுக்குத் தட்டுவது போல. அது என் எழுத்துக்கா, அவன் சொன்ன சொல்லுக்கா என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து அவளுக்குச் சுத்தமாகக் காது கேட்கவில்லையாம்.

ரத்தம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதுதான் சரி என்று சொல்லுமாயிருக்கும். சொல்லட்டும். பஞ்சை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கடல் பக்கத்திலேயே கிடந்து, மூன்று பிள்ளைகளின் காதும் போய், இதில் கடலுக்கு ஒரு பங்கும் இல்லை என்று என்னை நம்பச் சொல்கிறார்கள். அந்த வாய்க்காலில் உப்பு இருக்கிறது என்று அந்தப் பெண்ணே ஒத்துக்கொண்டாள். அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எஞ்சின் ஒன்று பிரித்தபடி கிடக்கிறது. நான் போகிறேன்.